அவர் விட்டுக்கொடுத்த ஆட்டம்

சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெட்டுப்பட்டு என் பக்கம் ஓரமாகக் கிடந்த காய்களுக்குள் கையை விட்டு, தம்முடைய ராணியைத் தேடி எடுத்தார். சிப்பாயை அகற்றிவிட்டு அந்த இடத்தில் ராணியை வைத்து, "செக்" என்றார்.

நான் குதிரையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

செஸ் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, இவள் என்ன உளறுகிறாள் என்று நினைப்பீர்கள். தெரியாதவர்களுக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. இரண்டு தரப்பும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்லத்தான் போகிறேன்.

கொடைக்கானலில் கோடை விழா நடக்கும் மாதம் அது. ஏரியைச் சுற்றி வண்டிகள் நகர வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பள்ளிக்கூட ஹாலில் நீள நீளமாக மேஜை போட்டுச் செஸ் போட்டி நடத்தினார்கள். மத்தியானம் பெய்த மழையில் வந்தவர்கள் எல்லாருடைய ஸ்வெட்டரும் நனைந்து, ஹால் முழுக்க ஈரக் கம்பளி வாடை. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, எதிரே இருந்த யூகலிப்டஸ் மரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என் கணவர் தண்டபாணி. அவரும் நானும் பிரிந்து அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சிப்பாய் ராணியாகும் வரைக்கும் அந்த ஆட்டத்தில் நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தால் எனக்கு விவாகரத்து. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாமா கேட்டவை

சென்ற வாரம் இந்தத் தொடரில், அவர் வீட்டை விட்டுப் பழனியில் பெட்டியோடு பஸ் ஏறியதை எழுதியிருந்தேன் அல்லவா. அதைப் படித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார், "உங்கள் கணவர் அப்படி என்னதான் செய்தார்?"

அம்மா, நீங்களுமா?

என்ன செய்தார் என்று சொல்வது கஷ்டம். என்னை என்ன செய்ய விட்டார் என்று கேளுங்கள், சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம்.

பழனி அடிவாரத்தில் அவர்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. பி.காம். படித்திருந்த நான் வேலைக்குப் போகிறேன் என்றேன். "ஒனக்கு எதுக்கு அலைச்சல் மதி" என்றார். ஏ.டி.எம். கார்டு அவரிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும். செல்போனை ராத்திரி அவரே சார்ஜ் போட்டு, காலையில் எடுத்துத் தருவார். யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்றும் அவரே சொல்லிவிடுவார். வடகவுஞ்சியில் என் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், "தனியா எதுக்கு? நானே கூட்டிட்டுப் போறேன்" என்பார். அந்த நாள் வரவே வராது. பழனியிலிருந்து மலையேறும் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கடை வாசலில் நின்று அந்த பஸ்ஸை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்திச் சொன்னது கிடையாது. அத்தனையும் என் நல்லதுக்குத்தான். கேட்டால், "நான் எவ்வளவு விட்டுக்குடுத்துப் போறேன் ஒனக்காக" என்பார்.

நான் வெளியேறிக் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இரண்டு குடும்பமும் பழனியில் கூடிப் பேசியது. எங்கள் பக்கம் பெரியவர் என் தாய்மாமா பரமசிவம். வடகவுஞ்சியில் காபியும் வாழையும் போட்டிருப்பவர். எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"இந்தா பாரு தாயி, நேரடியாவே கேக்குறேன். மாப்ள ஒன்னைய அடிச்சாரா?"

"இல்ல மாமா."

"குடிப்பாரா?"

"இல்ல."

"வேற தொடுப்பு கிடுப்பு?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னத்துக்குத்தா இம்புட்டுப் பேரு வந்து உக்காந்திருக்கோம்? அவனவனுக்குச் சோலி கெடக்குல்ல."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "சேந்து வாழ முடியாது மாமா. ரெண்டு பேரும் சம்மதிச்சு ஒரு மனு போட்டுட்டா வெரசா முடிஞ்சிரும்னு வக்கீலு சொல்றாரு. அவரைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க" என்றேன்.

என் கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மாமா, மதிக்குச் செஸ் சொல்லிக் குடுத்தது நாந்தான். இன்னை வரைக்கும் என்னைய ஜெயிச்சதில்ல. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வரச் சொல்லுங்க. அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மாமாதான் அதிகமாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல" என்றேன்.

சிரிப்பு நின்றது. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேட்டுக்கிட்டோம். மாப்ள சொன்னா சொன்னதுதான்" என்றார். அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது ஒரு கதவு.

வீட்டுச் சட்டம்

செஸ் அவர் சொல்லிக்கொடுத்ததுதான், அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. கடை அடைத்துச் சாப்பாடு முடிந்ததும் பஞ்சாமிர்த டப்பா வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் போர்டை விரிப்பார். விரலில் ஏலக்காய் வாசம் போகாது. முதல் சில மாதம் அந்த நேரத்துக்காக நான் பகலெல்லாம் காத்திருந்தேன். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அவர்கள் வீட்டில் ஆடியது பழைய ஆட்டம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அப்படித்தானாம். வெளியே எல்லாரும் ஆடுகிற ஆட்டத்தில், சிப்பாய் எதிர்ப்பக்கம் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ராணியாகிவிடலாம். அவர்கள் வீட்டில் அது நடக்காது. எந்தக் கோட்டில் போய்ச் சேர்கிறதோ, அந்தக் கோட்டில் ஆரம்பத்தில் நின்ற காயாகத்தான் ஆகலாம். யானைக் கோட்டில் போனால் யானை. குதிரைக் கோட்டில் போனால் குதிரை. ஊர்ப்பக்கம் இன்றைக்கும் இப்படி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

அவர் வெளியே போட்டிக்குப் போகும்போது வெளிச் சட்டப்படி ஆடுவார். இரண்டும் அவருக்கு அத்துப்படி. எனக்கு வீட்டுச் சட்டம் மட்டும்தான். வெளியே இன்னொரு சட்டம் இருக்கிறது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

இன்னொரு பழக்கமும் அந்த வீட்டில் உண்டு. அதை எந்தத் தாத்தாவும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, இவரே கண்டுபிடித்தது. எப்போதாவது என் கை ஓங்கினால், எழுந்துவிடுவார்.

"எடம் மாத்திக்கலாம் வா. ஒன் பக்கத்துல இருந்து நான் எப்படி ஆடுறேன்னு பாத்துக் கத்துக்க."

போர்டு அப்படியே இருக்கும். நான் எழுந்து, அவர் தோற்றுக்கொண்டிருந்த பக்கம் போய் உட்கார வேண்டும். நான் ஜெயித்துவைத்திருந்த பக்கத்தில் அவர் உட்கார்ந்து, மிச்சத்தை ஆடி, என்னை ஜெயிப்பார். முடித்துவிட்டு, "இப்பிடித்தான் முடிக்கணும், புரியுதா" என்பார். நான் தலையாட்டுவேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், கையில் கிடைத்த ஒரு ஆட்டத்தைக்கூட நான் என் கையால் முடித்தது கிடையாது. "என்னைய ஜெயிச்சதில்ல" என்று சபையில் சொன்னாரே, அது இப்படி வந்த கணக்குதான்.

நாற்காலி

ஓட்டல் ரிசப்ஷனில் சீசன் இல்லாத மாதங்களில் வேலை கிடையாது. பனி உள்ளே வராமல் கண்ணாடிக் கதவைச் சாத்தி வைத்து, ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அப்போதுதான் செல்போனில் செஸ் ஆட ஆரம்பித்தேன். முதல் ஆட்டத்திலேயே எதிராளியின் சிப்பாய் குதிரைக் கோட்டில் போய் ராணியானது. செல்போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இன்டர்நேஷனல் ரூல் அதுதான்க்கா. நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?"

பழனி அடிவாரத்துக் காலத்தில் என்று சொன்னேன்.

வெளிச் சட்டம் எல்லாம் அப்படிக் கற்றதுதான். நிறையத் தோற்றேன், கொஞ்சம் ஜெயித்தேன். செல்போன் ஆட்டத்தில் ஒரு சுகம் உண்டு. நாம் ஜெயிக்கும்போது எதிராளி எழுந்து வந்து நம் நாற்காலியைக் கேட்பதில்லை.

கோடை விழாவில் செஸ் போட்டி என்றதும் ஸ்டெல்லா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அதோடு நிற்காமல் போட்டி நோட்டீஸைப் போட்டோ எடுத்து, "எங்க அக்கா ஆடப்போறாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். யார் கண்ணில் பட்டதோ, எத்தனை கை மாறியதோ, பழனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

காலையில் ஹாலுக்குள் நுழைந்தால், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் நிற்கிறார்.

"வெள்ளனே பஸ் ஏறிட்டேன்" என்றார். "நீ என்னைய ஜெயிக்கணும்ல. அதுக்கு நான் வர வேணாமா?"

ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

போட்டியில் ஒரே மாதிரிப் புள்ளி எடுத்தவர்களை அடுத்தடுத்த சுற்றில் மோதவிடுவார்கள். நானும் அவரும் ஒன்று மாற்றி ஒன்று ஜெயித்தும் தோற்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றோம். கடைசிச் சுற்றுக்கு நடுவராக இருந்த பி.டி. மாஸ்டர் பெயர்களை வாசித்தபோது, எங்கள் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அப்படிச் சேர்ந்து வந்தது அதுதான்.

என் கை

அன்றைக்கு நான் நன்றாக ஆடினேன். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். ராணிக்கு ராணி, குதிரைக்குக் குதிரை வெட்டி எல்லாம் காலியானபோது என்னிடம் சில சிப்பாய்களோடு ஒரு யானை மிச்சம் இருந்தது. அவரிடம் சிப்பாய்கள் மட்டும். என் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய சிப்பாய் ஒன்று குதிரைக் கோட்டில், கடைசிக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. என் யானையை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோனால் அதன் கதை முடிந்தது. பிறகு அவருக்கு ஒன்றுமே இல்லை.

யானை மேல் கையைக் கொண்டுபோனேன். அப்போது அவர் போர்டின் மேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எடம் மாத்திக்கலாமா மதி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேண்டுமென்று சொன்னாரா, பழக்கத்தில் வாயில் வந்ததா, எனக்கு இன்று வரை தெரியாது. ஆனால் அந்த நொடியில் நான் கொடைக்கானலில் இல்லை. அட்டைப் பெட்டிக்கு முன்னால், பழனி வீட்டில், எழுந்திருக்கச் சொல்லப்போகிறார் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அதற்குள் முடித்துவிட வேண்டும், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. குதிரைக் கோட்டில் போகிற சிப்பாய் குதிரைதானே ஆகும், ஆகட்டும், அதற்குள் என் சிப்பாய் போய்ச் சேர்ந்துவிடும்.

யானையை விட்டுவிட்டு என் சிப்பாயைத் தள்ளினேன்.

ராணி வந்து உட்கார்ந்ததும்தான் நான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது. செல்போனில் நூறு தடவை பார்த்த விஷயம். ஸ்டெல்லா சிரித்த சிரிப்புகூட நினைவில் இருக்கிறது. ஆனால் கைக்கு மறந்துவிட்டது. அவர் மேல் வந்ததைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. என் கன்னத்தில் நானே ஒன்று வைத்தால் தேவலாம் போல இருந்தது.

"வீட்டுச் சட்டம் இங்க செல்லாது" என்றார் அவர், ரொம்பத் தன்மையாக.

அதன் பிறகு ராணி என் ராஜாவைத் துரத்தியது. போகிற போக்கில், இன்னும் ஒரு எட்டில் போய்ச் சேர வேண்டிய என் சிப்பாயை எடுத்துக்கொண்டது. மற்றவற்றையும் ஒன்றொன்றாகத் துடைத்தது. கடைசியில் என் ராஜாவை ஒரு மூலையில் கொண்டுபோய் ஒதுக்கினார். பக்கத்து மேஜைக்காரர்கள் ஆட்டம் முடித்து எழுந்து வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் "சோலி முடிஞ்சது" என்று முணுமுணுத்தது கேட்டது.

மூலை

மூலையில் என் ராஜா. அதற்கு முன்னால் என்னுடைய கடைசிச் சிப்பாய். அந்தச் சிப்பாய் நகர முடியாதபடி மூக்கோடு மூக்காக அவருடைய சிப்பாய். ராஜா பக்கத்தில் ஒதுங்கலாம் என்றால், அந்தக் கட்டங்களை அவருடைய சிப்பாயும் ராணியும் பார்த்துக்கொண்டிருந்தன. நகரக்கூடியது என் யானை ஒன்றுதான்.

அந்த ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை யாரும் அடிக்கவில்லை. அதற்குச் செக்கும் இல்லை. ஆனால் எந்தப் பக்கமும் ஒரு எட்டு எடுத்துவைக்க முடியாது. மாமா அன்றைக்குக் கேட்டாரே, அப்புறம் என்ன என்று. இதுதான் மாமா. சபையில் சொல்லத் தெரியாமல் நின்றேனே, அது இதுதான்.

அப்போதுதான் புத்தியில் பட்டது. வெளிச் சட்டத்தில் இதற்குப் பெயர் உண்டு. ஒருவருடைய ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் அவருக்கு நகர்த்த ஒரு காய்கூட இல்லை என்றால், அது தோல்வி அல்ல. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா. அவர்கள் வீட்டில் இப்படி ஆனால், "காயைத் திருப்பி வை, வேற மாதிரி ஆடலாம்" என்பார். இங்கே திருப்பி வைக்க முடியாது.

எனக்கு இடைஞ்சலாக இருப்பது என் யானைதான். அது தொலைந்துவிட்டால் நான் பிழைத்தேன்.

யானையை எடுத்து அவருடைய ராஜாவுக்கு நேர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, "செக்" என்றேன். சுற்றி நின்றவர்களில் ஒருவர் உச்சுக் கொட்டினார். சும்மா கொடுக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

எடுக்கப்போன அவர் கை பாதியில் நின்றது. என் மூலையைப் பார்த்தார். திரும்ப யானையைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அபூர்வம். யானையை எடுக்காமல் ராஜாவை நகர்த்தினார். நான் மறுபடி யானையைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மறுபடி நகர்ந்தார். மறுபடி வைத்தேன். "எடுத்துக்கங்க" என்றேன் மெதுவாக. அவர் காது மடல் சிவந்திருந்தது. போர்டின் ஓரத்துக்குப் போய், ஒதுங்க வேறு கட்டம் இல்லாமல் போனதும், என் யானையை எடுத்தார். எடுத்த காயை மேஜையில் வைக்கும்போது அது உருண்டு கீழே விழுந்தது.

பி.டி. மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டேல்மேட். டிரா" என்றார்.

ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டை விட்டவள் நான். அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் தோற்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து, என் நாற்காலியிலேயே கடைசிவரை இருந்து, தோற்காமல் எழுந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்குமா? இருக்கும்.

கைதட்டல்

அவர் எழுந்து கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். கையை விடாமலே சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பழைய சிரிப்பு திரும்ப வந்திருந்தது.

"என் வீட்டம்மாதாங்க" என்றார். "எப்பிடிங்க தோக்கடிக்கிறது? விட்டுக்குடுத்துட்டேன்."

ஹாலே கைதட்டியது.

"இல்ல, அவரு விட்டுக்குடுக்கல" என்றேன். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும், பெண்டாட்டி செல்லமாகக் கோபித்துக்கொள்கிறாள் என்று இன்னும் பலமாகச் சிரித்தார்கள். யாரோ எங்கள் இரண்டு பேரையும் கைகோத்தபடி போட்டோ எடுத்தார்கள்.

ஜெயித்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. தோற்றிருந்தால் சொல்ல அவசியம் இருந்திருக்காது. டிராவில் மட்டும்தான் இதற்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை அவருக்குப் போட்டுக் கொடுத்தவள் நானே.

பொழுது சாய்வதற்குள் போட்டோ உறவுக்காரர்கள் எல்லாருடைய செல்போனிலும் போய்ச் சேர்ந்தது. அம்மா கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள்.

"ஏத்தா, கெலிக்கிற ஆட்டத்தையே விட்டுக் குடுத்துருக்காராம்ல மாப்ள. இந்த மனசு எவனுக்கு வரும்? போயிருத்தா. நல்ல மனுசரு."

"அம்மா, அவருக்கு வேற வழியில்லம்மா. யானையை எடுத்துத்தான் ஆகணும். அப்பிடி நான் வச்சேன்."

"யானையோ பூனையோ, எனக்கென்னத்தா தெரியும். நீ தோக்கல, அவரும் ஜெயிக்கல. அப்ப விட்டுக் குடுத்தாருன்னுதான அர்த்தம்?"

மாமாவிடம் பேசினேன். "ஜெயிச்சாத்தான் கையெழுத்துன்னு பேச்சு. டிரா ஜெயிச்சதாகாதுல்ல தாயி" என்றார். அதில் அவர் சொன்னது சரி. "அதோட, அவரு நெனச்சிருந்தா ஒன்னையத் தோக்கடிச்சிருக்கலாம். அதையும் நெனச்சுப் பாரு." அதில் தப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு வேண்டியவர்களில் ஸ்டெல்லா ஒருத்திதான் பக்கத்தில் நின்று பார்த்தவள். எனக்கு அது போதும் என்று இருந்தேன். சில வாரம் கழித்து, ரூம் சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கோச்சுக்காதீங்கக்கா. நெஜமாவே அவரு விட்டுக்குடுக்கலையாக்கா?"

அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை. மறுநாளும்.

மேஜையில்

கையெழுத்து வராது என்று தெரிந்த பிறகு நான் தனியாகவே வழக்குப் போட்டேன். கீழே இறங்கிப் போக வேண்டிய கோர்ட். முதலில் கவுன்சிலிங் என்றார்கள். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, இரக்கமான முகத்தோடு ஒரு அம்மா. அவருக்கு முன்னால் பைல். பைலின் மேல் அந்தப் போட்டோ, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பளபளவென்று.

"இவ்வளவு பெருந்தன்மையா இருக்கிறவரை ஏம்மா வேணாங்கிறீங்க?" என்றார் அந்த அம்மா. "ஜெயிக்கிற ஆட்டத்தையே உங்களுக்காக விட்டிருக்காரு."

எனக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ தெரியாது. "மேடம், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மேஜை மேல் இருந்தவற்றை இழுத்தேன். ரப்பர் ஸ்டாம்ப் என் ராஜா. பேனா மூடி என் சிப்பாய். பென்சில் துண்டு அதை மறிக்கும் அவருடைய சிப்பாய். கோந்து பாட்டில் அவருடைய ராணி. குண்டூசி டப்பா என் யானை. பேப்பர் வெயிட் அவருடைய ராஜா. ஒவ்வொன்றாக வைத்து, யார் எங்கே போகலாம், எங்கே போக முடியாது என்று சொன்னேன். அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்க மேடம். இந்த யானையை எடுக்கிறதைத் தவிர அவருக்கு வேற என்ன வழி?"

பக்கத்து நாற்காலியில் அதுவரை சும்மா இருந்த அவர், மேஜையை நோக்கிக் குனிந்தார். அவரால் பொறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"யானை வந்ததுக்கப்புறம் வழியில்லதான்" என்றார். கோந்து பாட்டிலைத் தொட்டார். "தப்பு அதுக்கு முந்தி. ராணிய இங்க வச்சிருக்கவே கூடாது. ஒரு கட்டம் தள்ளி வச்சிருந்தா இவ ராஜாவுக்குப் போக எடம் இருந்திருக்கும், ஸ்டேல்மேட் ஆகாது, இவ பருப்பு வெந்திருக்காது. நான் கவனிக்காம விட்டுட்டேன்."

"கவனிக்கல" என்றேன்.

"கவனிக்கலதான். நீ அதைப் பாப்பேன்னு நான் எதிர்பாக்கல."

இத்தனை நாள் கழித்து, அவர் வாயாலேயே, இன்னொருத்தர் முன்னால். "கேட்டீங்கல்ல மேடம்?" என்றேன். "அவரே சொல்லிட்டாரு. விட்டுக்குடுக்கல. கவனிக்காமத் தப்புப் பண்ணிட்டாரு."

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மேஜையில் குனிந்து, கோந்து பாட்டிலில் அவர் விரலும் ஸ்டாம்ப்பில் என் விரலும் இருந்தன. அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"இந்த ரூம்ல எத்தனையோ பேர் வந்து உக்காருறாங்கம்மா. மூஞ்சியக்கூடத் திருப்ப மாட்டாங்க. நீங்க என்னடான்னா இவ்வளவு நேரம் ஒண்ணா உக்காந்து வெளையாடுறீங்க, தப்பை ஒத்துக்கிறாரு, நீங்க சொன்னாக் கேக்குறாரு. உங்களுக்குள்ள பெருசா ஒண்ணும் இல்ல. போய்ச் சந்தோஷமா இருங்க."

பேனாவுக்கு மூடி தேடி, என் சிப்பாயை எடுத்துச் செருகிக்கொண்டார். அதற்கு முன் பைலில் எழுதியதை, எழுத்து எனக்குத் தலைகீழாக இருந்தும், வாசித்துவிட்டேன். தம்பதியர் இணக்கமாக உள்ளனர்.

என் கணவர் எழுந்து கும்பிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றார்.

அந்த ஒரு வரி பொய் என்று சொல்வதற்காகத்தான் இன்றைக்கும் வாய்தாவுக்கு வாய்தா மலையிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறேன்.